மானியம் வந்தது, பிள்ளைக்கு எழுத்து வந்ததா?

ஊரில் மாலை வகுப்பு நடத்த ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மானியம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் ரிப்போர்ட் போகிறது. 40 பிள்ளைகள் சேர்ந்தார்கள், 200 நாள் வகுப்பு நடந்தது, பேனருக்கு முன்னால் எல்லாரும் நிற்கும் படமும் இருக்கிறது. எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கிறாளா என்பது அதில் எங்கும் இல்லை.

இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளைப் பல ஆண்டுகள் எழுதிக் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன். மதிப்பீடு கெட்டுப்போவது புரோபோசல் எழுதும் அந்த ஒரு வாரத்தில்தான். கடைசித் தேதி நெருங்கும்போது 'கல்வித் தரத்தை மேம்படுத்துதல்' என்று குறிக்கோளை ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடுகிறோம். அதை எந்தக் கோலால் அளப்பது? 'இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியாமல் வரும் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேராவது ஓராண்டுக்குள் வாசிக்க வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். யார், எதை, எத்தனை பேர், எப்போதுக்குள் என்ற நான்கும் அதில் வந்துவிடும்.

வகுப்பு தொடங்கும் முன்பே பிள்ளைகளின் நிலையைக் குறித்து வைக்க வேண்டும். இதற்குப் பெரிய நிபுணர் தேவையில்லை. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் 'ஏசர்' ஆய்வில் வீடு தேடிப் போய், பிள்ளையின் அருகில் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் தனி எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை இருக்கும். பிள்ளை எதுவரை வாசிக்கிறதோ அதைக் குறிப்பார்கள். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தலும், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தலும் உண்டு. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள் போதும். அதே முறையில் ஆண்டு முடிவிலும் பாருங்கள். வகுப்பு நடக்காத பக்கத்து ஊரிலும் பார்த்தால், முன்னேற்றம் எதனால் வந்தது என்பது இன்னும் தெளிவாகும்.

குறியை எட்டாத உயரத்தில் வைப்பதிலும் ஆபத்து உண்டு. நெருக்கடி கூடும்போது மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளின் பெயர் சத்தமில்லாமல் பதிவேட்டிலிருந்து காணாமல் போகும். யாருக்காக வகுப்பு தொடங்கினோமோ அவர்களே வெளியே நிற்பார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. குறி எட்டாது என்று பாதியில் தெரிந்தால், நிதி தந்தவர்களிடம் அப்போதே சொல்லி, மாற்றத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிதியென்றால் கூடுதல் கவனம் வேண்டும். எதற்காக வாங்கினோமோ அதற்கே செலவிட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, முன்பு அது 50 விழுக்காடாக இருந்தது. ஆகவே மதிப்பீட்டுச் செலவை பட்ஜெட்டிலேயே தனியாகக் காட்டிவிடுவது நல்லது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு 2021 முதல் ஒரு விதி இருக்கிறது. அந்த வகையில் ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிட வேண்டிய கம்பெனி, 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களை வெளி அமைப்பைக் கொண்டு மதிப்பிட வேண்டும். நம் ஊர் மாலை வகுப்பு அந்த அளவுக்கு வராது. சட்டப்படி அளக்க யாரும் வரப்போவதில்லை என்பதால்தான் ஊரே கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்க வழிகள் உண்டு. கம்பெனி தன் இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட சமூகப் பொறுப்புத் திட்டங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும். பெருமளவு அரசு நிதியில் நடக்கும் தொண்டு நிறுவனங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடும் கிராம சபையிலும் இந்தப் பேச்சை எடுக்கலாம்.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் ஒன்று கேளுங்கள்: "என் பிள்ளை இன்றைக்கு எதுவரை வாசிக்கிறாள் என்று குறித்துக்கொண்டீர்களா? அதில் ஒரு நகல் எனக்குக் கொடுங்கள்."