ஆராய்ச்சிப் பணமும் ஆண்டறிக்கையும்

ஓர் ஆராய்ச்சிக்கென மைய அரசு பணம் தருகிறது. ஓராண்டு கழிகிறது. அப்பணம் எவ்வாறு செலவாயிற்று? அதனால் நாம் புதிதாக அறிந்தது என்ன? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுவதே முன்னேற்ற அறிக்கை. ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த அறிக்கையைப் பற்றி அறிந்தவர் சிலரே. ஆயினும் இது இல்லாமல் எந்த ஆய்வும் இரண்டாம் ஆண்டிற்குள் நுழைய முடியாது.

பணம் வரும் வழி

நம் நாட்டில் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1942-லும், மைய அரசின் அறிவியல், தொழில்நுட்பத் துறை 1971-லும் தோன்றின. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் அமைக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இப்போது அவ்வாரியத்தின் பணியை ஏற்று நடத்துகிறது.

நிதி ஒரே தடவையில் வந்துவிடுவதில்லை, தவணைகளாக வரும். ஒரு தவணைக்குக் கணக்கும் அறிக்கையும் கொடுத்த பின்னரே அடுத்தது கிடைக்கும். அறிக்கை தாமதமானால், அத்திட்டத்தை நம்பி மாத உதவித்தொகை பெறும் இளம் ஆய்வாளர்தான் முதலில் துன்புறுவார்.

ஓர் எடுத்துக்காட்டு

படப்பையை எடுத்துக்கொள்வோம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அமைந்த இவ்வூரைக் கடந்தே ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் லாரிகள் பல ஓடுகின்றன. சாலையோரக் காற்றில் நுண்துகள்கள் எவ்வளவு என்று அளக்க, ஒரு கல்லூரிக்கு மூன்றாண்டுத் திட்டம் கிடைத்திருப்பதாகக் கற்பனை செய்வோம். 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும் விட்டமுள்ள துகள்கள், 24 மணி நேரச் சராசரியில், ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்பது 2009-இல் இந்தியா வகுத்த வரம்பு.

முதலாண்டில் கருவிகளுக்கு 6 லட்சம், ஊதியம் முதலிய பிற செலவுகளுக்கு 4 லட்சம், ஆக 10 லட்ச ரூபாய் வந்ததாகக் கொள்வோம். கருவிகளுக்கு 5,40,000, பிறவற்றுக்கு 3,10,000 செலவாயிற்று. மொத்தச் செலவு 8,50,000, மீதி 1,50,000.

இங்கு மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, விலைக்குச் சொல்லிவைத்து, இன்னும் வந்து சேராத கருவியின் விலை செலவாகாது. அதைத் தனியே குறிக்க வேண்டும். இரண்டு, ஒரு தலைப்பில் மிஞ்சிய பணத்தை நம் விருப்பப்படி மற்றொரு தலைப்பிற்கு மாற்றலாகாது. மூன்று, வங்கியில் இருந்த நிதிக்கு வட்டி கிடைத்திருந்தால் அது கல்லூரியின் பணமன்று. அரசின் தொகுநிதிக்கே திரும்ப வேண்டும்.

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. செலவுக் கணக்குடன், பணம் குறித்த நோக்கத்திற்கே பயன்பட்டது என்று நிறுவனம் கையொப்பமிடும் பயன்பாட்டுச் சான்றிதழையும் அனுப்ப வேண்டும். 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி இதற்கு உச்சவரம்பு, நிதியாண்டு முடிந்து 12 மாதங்கள்.

அறிவியல் பகுதி

கணக்கு முடிந்தது, இனிக் கடினமான பகுதி. திட்டத்தில் கூறிய ஒவ்வொரு நோக்கத்தையும் வரிசையாக எழுதி, அதன் எதிரே செய்ததை எழுத வேண்டும். “அளவீடுகள் சிறப்பாக நடைபெற்றன” என்பதனால் எவருக்கும் பயனில்லை. “40 நாட்கள் திட்டமிட்டோம், 31 நாட்கள் அளந்தோம், மின்தடையால் 9 நாட்கள் விடுபட்டன” என்பதே அறிக்கை.

எதிர்பாராத இடரும் வரும். நம் கருவி, துகள்கள் மீது பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு அவற்றின் அளவை மதிப்பிடுவது என்று வைத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவக்காற்றின்போது ஈரப்பதம் மிகுந்தால் துகள்கள் நீரை ஈர்த்துப் பருக்கும். மிகுதியான ஒளியைச் சிதறச் செய்யும். கருவியோ, தூசி கூடிவிட்டதாகக் காட்டும். அப்போது என்ன எழுதுவது? இந்தக் குறையையே எழுத வேண்டும். ஈரப்பதத்தையும் உடன் அளப்போம், காற்றைச் சற்றுச் சூடாக்கி உலர்த்திய பின் கருவிக்குள் செலுத்துவோம் என்று அடுத்த ஆண்டுத் திட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம். தக்க காரணம் காட்டிய மாற்றத்தை மதிப்பீட்டாளர்கள் குறையாகக் கருதுவதில்லை. மாறாக அதை மறைத்தால், அச்சாலையோரம் வாழும் மக்களுக்குப் பொய்யான எண் போய்ச் சேரும்.

எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் ஆய்வு தோற்றது என்று எண்ண வேண்டாம். 1887-இல் மைக்கல்சனும் மார்லியும் ஈதர் என்னும் ஊடகத்தினூடே புவி செல்வதை அளக்க முயன்றனர். எதிர்பார்த்த விளைவைக் காணவில்லை. காணவில்லை என்றே எழுதினர். இயற்பியலின் போக்கை மாற்றிய முடிவுகளுள் அது ஒன்றாயிற்று.

இன்றே தொடங்கலாம்

நல்ல அறிக்கை மார்ச் மாதத்தில் பிறப்பதன்று. நாள் குறித்து எழுதிய குறிப்பேட்டிலும், ரசீதுகள் அடுக்கிய கோப்பிலும் அது ஆண்டு முழுவதும் வளர்கிறது. மாணவர்களே, ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும்போது உங்களுக்கு 9.4 கிடைத்தால், அதை 9.8 என்று திருத்தாதீர்கள். 9.4 என்றே எழுதி, நீளத்தை அளந்ததில் பிழையா, நேரத்தை அளந்ததில் பிழையா என்று ஆராயுங்கள். மக்கள் பணத்தில் ஆய்வு செய்யப்போகும் ஒருவர் பெற வேண்டிய முதற்பயிற்சி அதுவே.