வண்டல் வராத வயல்கள்

ஆழ்வார்திருநகரி வட்டாரத்து நஞ்சை நிலங்கள், தாமிரபரணியின் குறுக்கே உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் தென்கால் வாய்க்காலாலும், அது நிரப்பும் கடம்பாகுளம் போன்ற குளங்களாலும் பாசனம் பெறுகின்றன. நீரோடு வந்து குளத்தடியில் படியும் நுண்ணிய மண்ணாகிய வண்டல், கோடையில் மாட்டுவண்டியேறி வயலுக்குச் சென்றதால், அறுவடை எடுத்துச்சென்ற சத்தில் ஒரு பகுதி மீண்டும் நிலத்தைச் சேர்ந்தது. பிசானப் பருவ அறுப்புக்கும் கார்ப் பருவ நடவுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வயலில் அமர்த்திய ஆட்டுக்கிடையும், உழுது மடக்கிய கொளுஞ்சித் தழையும் அதே பணியைச் செய்தன. இப்பகுதியில் மண் சீரழிவு என்பது பெரும்பாலும் இந்தச் சுற்று அறுந்துபோனதன் விளைவே.

மக்கிய தாவர, விலங்குக் கழிவுகளின் வடிவில் மண்ணில் தங்கும் கார்பனே கரிமச்சத்து எனப்படுகிறது, அது 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மண் ஆய்வுக்கூடங்கள் 'குறைவு' என்று குறிக்கின்றன. நுண்ணுயிர்களுக்கு உணவாகி, ஈரத்தையும் சத்துகளையும் பிடித்துவைப்பது அதுவே என்பதால், அது வற்றிய நிலத்தில் 46 விழுக்காடு தழைச்சத்துள்ள யூரியாவை இட்டாலும் கணிசமான பங்கு காற்றிலும் நீரிலும் கலந்து வீணாகிறது. பயிர் வெளிறுவதைக் கண்ட விவசாயி மேலும் ஒரு மூட்டையைப் பிரிக்கிறார். வைக்கோல் முழுவதும் இயந்திரக் கட்டுகளாகி விலைக்குப் போவதும், ஈர வயலில் இறங்கும் கனத்த அறுவடை இயந்திரம் அடிமண்ணை இறுக்குவதும் இழப்பைப் பெருக்குகின்றன. இழப்பைக் குறைக்க, சாம்பல்சத்தை மிகுதியாக உறிஞ்சும் வாழையின் மரத்தைத் தார் வெட்டியபின் நறுக்கி வயலிலேயே மக்கவிடுவது, செலவு குறைந்த நல்ல வழி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது, ஆற்றின் கீழ்ப்பகுதியில் குளக்கரைகள் உடைந்து வயல்களில் மணல் மேடிட்டது. வெள்ளம் விட்டுச்செல்வதெல்லாம் வண்டல் அன்று. பருமணல் நீரையும் உரத்தையும் தாங்காது என்பதால், கனமாகப் படிந்த இடத்தில் அதை அகற்றிய பிறகே வளமூட்டும் வேலை தொடங்க முடியும்.

அந்த வேலைக்கு முதலில் மண்ணை அறிய வேண்டும். நெல் வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி தோண்டி, பக்கச் சுவரில் மேலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை சீராகச் செதுக்கிய மண்ணை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாகக் குறைத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். வரப்போரமும் எருக்குவியல் கிடந்த இடமும் கூடா. அதன்பின் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, தண்டில் நார் ஏறுவதற்கு முன், பூக்கும் தறுவாயில், ஏறத்தாழ 45ஆம் நாளில் மடக்கி உழுதால், வேர்முடிச்சுப் பாக்டீரியா காற்றிலிருந்து ஈர்த்த தழைச்சத்தும் மண்ணுக்குச் சேரும். 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் பசுந்தாள் உர விதைக்கு உதவுகிறது. குளத்து வண்டலை இலவசமாக எடுக்கவும் அரசு வழி செய்திருக்கிறது. உப்புத்தன்மையைச் சோதித்த பின்னரே அதை வயலில் பரப்ப வேண்டும்.

கரிமச்சத்து ஒரு பருவத்தில் ஏறுவதில்லை. பல ஆண்டுகள் பிடிக்கும். அடுத்த ஆண்டு நிலம் கைமாறலாம் என்றிருக்கும் குத்தகை விவசாயி, தம் செலவில் வண்டல் அடிக்கவோ, ஒரு பருவத்தைப் பசுந்தாளுக்கு விட்டுவைக்கவோ தயங்குவது இயல்பு. எனவே மண்வள உதவிகள் பட்டா வைத்திருப்பவரோடு நின்றுவிடாமல், வயலில் இறங்கி உழைப்பவரையும் எட்டும்படி விதிகளைத் தளர்த்துவதே இங்கு உடனடித் தேவை.