சுண்டினால் உப்பு ஏறும்

அடுப்பில் புளிக்குழம்பு கொதிக்கிறது. இரண்டு கரண்டி அள்ளி இலையில் ஊற்றினால் சட்டியில் குழம்பு குறையும். மீதியில் உப்பு கூடாது. அதே சட்டியைப் பேச்சு சுவாரசியத்தில் மறந்து அடுப்பிலேயே விட்டால் அப்போதும் குறையும், ஆனால் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். முன்னதில் உப்பும் தண்ணீரும் சேர்ந்தே வெளியேறின. பின்னதில் தண்ணீர் மட்டும் ஆவியாகப் போனது, உப்பு தங்கிவிட்டது. இந்த வித்தியாசத்தைக் கூட்டல் கழித்தலாக எழுதத் தெரிந்தால் போதும், ஒரு சுற்றுச்சூழல் மாடலின் பாதி வேலை முடிந்தது.

தர்மபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் பக்கம் இது வெறும் ஏட்டுக்கணக்கு இல்லை. மாவட்டத்தில் பல ஊர்களின் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அடியில் இருப்பது கிரானைட், நைஸ் வகைப் பாறை. அதிலுள்ள கருப்பு அபிரகம், அபடைட், ஃபுளோரைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெல்லக் கரைந்து நீரில் சேர்கிறது. இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதைத் தாண்டிய நீரைச் சிறுவயது முழுக்கக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். அளவு இன்னும் கூடி, ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடோ எவ்வளவு சுண்டியதோ அவ்வளவு ஏறும்.

காரிமங்கலத்தில் அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. இங்கே என்றில்லை, நாடு முழுக்கவே இளநிலை படிக்கும் எவரும் சுற்றுச்சூழல் தாளை எழுதியாக வேண்டும், எம்.சி. மேத்தா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின் பலன் அது. பெரும்பாலான இடங்களில் அந்தத் தாள் படும் பாடு தெரிந்ததுதான்: காடழிப்பின் விளைவுகள் ஐந்து, நீர் மாசின் காரணங்கள் ஆறு, தேர்வு முடிந்ததும் மறதி. அந்த மணிநேரத்தில் பாதியை ஒரு கணக்குத் தாளுக்கு, அதாவது ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு, கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பெரிய கணினி எதுவும் வேண்டாம். 1972இல் வெளியான ‘வளர்ச்சியின் எல்லைகள்’ நூலுக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உலகத்தையே மாடலாக்கியபோது அது தேவைப்பட்டது; இன்று கைப்பேசியிலுள்ள எக்செல் போதும்.

பூமிக்கடியில் 1,000 லிட்டர் நீர், அதில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கற்பனைதான், கணக்கு எளிதாக இருக்கட்டும். மொத்த ஃபுளோரைடு 1,000 மில்லிகிராம். 400 லிட்டரை இறைத்து லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பினால் மிஞ்சுவது 600 லிட்டர், 600 மில்லிகிராம். அடர்த்தி அதே 1. அந்த 400 லிட்டரும் வேர் வழியாகவும் வெயிலிலும் ஆவியாகப் போயிருந்தால் 600 லிட்டரில் 1,000 மில்லிகிராம்: 1.67. எல்லை தாண்டிவிட்டது.

தக்காளித் தோட்டத்தில் நடப்பது இந்த இரண்டும் கலந்த ஒன்று. 400 லிட்டரை இறைத்துப் பாய்ச்சுகிறோம். 300 லிட்டர் ஆவியாகிறது. மீதி 100 லிட்டர், 400 மில்லிகிராம் ஃபுளோரைடையும் சுமந்துகொண்டு திரும்ப மண்ணுக்குள் இறங்குகிறது. அள்ளிய குழம்பை வேறொரு சட்டியில் சுண்டவிட்டு மறுபடி இதிலேயே ஊற்றுகிற வேலை. மழை 300 லிட்டர் தந்து நீர்மட்டத்தைப் பழையபடி ஆக்கிவிடுகிறது; பாறை தன் பங்குக்கு ஆண்டுக்கு 100 மில்லிகிராம் கரைத்துத் தருகிறது. கணக்குத் தாளில் ஒரு வரி எழுதி கீழே இழுத்தால் 1.1, 1.2, 1.3. ஐந்தாம் ஆண்டு 1.5. நீர்மட்டம் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை, நீர் மட்டும் கெட்டுக்கொண்டே போகிறது. போர் வற்றினால்தான் பிரச்சினை என்று நினைத்திருக்கும் மாணவி இந்த வரிசையைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவாள்.

தாளை இன்னும் கீழே இழுத்தால் நூறாம் ஆண்டு 11 என்று வரும். இங்கேதான் பாடம் ருசிக்கத் தொடங்குகிறது. உண்மையில் இப்படி முடிவில்லாமல் ஏறாது. நீரில் கால்சியம் இருந்தால் ஓர் அளவுக்கு மேல் அது ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். வேதியியல் மாணவி மனப்பாடம் செய்து வைத்திருக்கும் கரைதிறன் பெருக்கம் இதுதான். ஆனால் நீர் சுண்டும்போது கால்சியமே முதலில் சுக்கான்கல்லாக மண்ணில் இறுகிவிட்டால், ஃபுளோரைடைத் தடுக்க ஆள் இல்லை. அந்த அளவு இன்னும் மேலே போகும். தவறான மாடல் ஒன்று தவறு எங்கே என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டும்போது, சரியான விடையை மட்டும் தரும் பாடநூலைவிட அதுவே மேல் என்பேன்.

அடுத்தது படம். ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரட்டும். சோதனைப் பெட்டியில் சிர்கோனியம் கலந்த சாயத்தை விட்டால், ஃபுளோரைடு கூடக்கூட சிவப்பு வெளிறி மஞ்சளாகும். அந்த எண்ணையும் இருப்பிடத்தையும் கியூஜிஸ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றினால் வரைபடம் தயார். ஒரு பொத்தானை அமுக்கினால் புள்ளிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் மென்பொருளே நிரப்பி, பச்சையிலிருந்து சிவப்புக்கு வழவழவென்று நிறம் தீட்டிக்கொடுக்கும். கருத்தரங்கில் கைதட்டல் வாங்குவது அந்தப் படம்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கலக்காத சட்டியில் ஒரு ஓரத்தைச் சுவைத்துவிட்டு மறு ஓரத்தின் உப்பைச் சொல்ல முடியாது. இங்கே பாறையில் நீர் விரிசல்களில்தான் நிற்கிறது, பக்கத்துப் பக்கத்துப் போர்களே ஒத்துப்போவதில்லை. அளந்த இடத்தில் மட்டும் புள்ளி வையுங்கள், அளக்காத இடம் வெள்ளையாகவே இருக்கட்டும். சிவப்பு 1இல் தொடங்குகிறதா, 1.5இல் தொடங்குகிறதா என்பதையும் மாணவிகளே விவாதித்து முடிவு செய்யட்டும். 1.2 உள்ள ஒரு தெரு முழுக்க அந்த முடிவைப் பொறுத்து நிறம் மாறும்.

ஜப்பான் கடனுதவியோடு அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரியைக் கொண்டுவந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பும் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் ஆற்று நீரையும் போர் நீரையும் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பது மாணவிகளுக்கு நல்ல கடைசிக் கணக்கு. போரில் 3, ஆற்றில் 0.5 என்று வைத்துச் சரிபாதி கலந்தால் 1.75, போதாது. ஒரு பங்கு போருக்கு இரண்டு பங்கு ஆறு என்றால் 1.33. குழாய் உடைந்து ஆற்று நீர் வராத வாரத்துக்கு மாடல் தரும் விடை 3.