இம்யூனோதெரபிக்குப் பணம் கட்டும் முன்

கருப்பையிலோ சினைப்பையிலோ புற்றுநோய் முற்றிய நிலையில், 'இம்யூனோதெரபி கொடுத்துப் பார்க்கலாம்' என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் நகை, நிலம் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இந்தக் கட்டி அந்த மருந்துக்குக் கேட்குமா என்று சோதித்தாயிற்றா?

கட்டிக்குள் புற்றுச் செல்களோடு ரத்தக் குழாய்களும் நார்த் திசுவும் நோயெதிர்ப்புச் செல்களும் கலந்து கிடக்கின்றன. முற்றிய சினைப்பைப் புற்றுநோய் பற்றி 2003-இல் வெளியான ஆய்வில், டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் நுழைந்திருந்த பெண்களில் 38 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். நுழையாதவர்களில் வெறும் 4.5 சதவீதம். நுழைந்த டி செல்லுக்கும் பிடி-எல்1 என்ற புரதத்தால் கட்டி கடிவாளம் போடுகிறது. பெம்ப்ரோலிசுமாப், டோஸ்டார்லிமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் அந்தக் கடிவாளத்தை அவிழ்க்கின்றன. டி செல்லே இல்லாத கட்டியில் அவிழ்க்க எதுவும் இல்லை.

கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் ஏறக்குறைய நான்கில் ஒரு கட்டிக்கு, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எம்ஆர் புரதங்களில் குறை இருக்கும். பிழைகள் மலிவதால் டி செல்கள் அந்தக் கட்டியை எளிதில் இனம் காண்கின்றன. மருந்து நன்றாக வேலை செய்வது இங்கேதான். எடுத்து வைத்த பயாப்ஸித் திசுவிலேயே இதைச் சோதிக்கலாம். குறை இருந்தால் அது பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியா என்றும் கேளுங்கள். மகள், தங்கை, அண்ணன் எல்லோருக்கும் அது பொருந்தும் கேள்வி. கருப்பை வாய்ப் புற்றுநோய் திரும்பி வந்தாலோ பரவினாலோ பிடி-எல்1 சோதனை தேவை. சினைப்பைப் புற்றுநோயில் இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் பத்தில் ஒருவருக்குக் கட்டி சுருங்குவதே அரிது. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் பணம் கட்டச் சொல்வது நியாயமே இல்லை.

சிகிச்சைப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். மருந்து ஆய்வில் சேரச் சொன்னால், சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் 2019 விதிகளின்படி இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

கடிவாளம் அவிழ்ந்த டி செல்கள் நல்ல உறுப்புகளையும் தாக்கலாம். நிற்காத வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, அசாதாரணச் சோர்வு ஆகியவை ஊசி நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட வரலாம். உள்ளூர் மருத்துவரிடம் போனாலும் 'இம்யூனோதெரபி போட்டிருக்கிறேன்' என்று முதலில் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டால் பெரும்பாலும் ஸ்டீராய்டிலேயே அடங்கும்.

நோயெதிர்ப்பைக் கூட்டிப் புற்றுநோயைத் தீர்க்கும் என்று விற்கும் பொடிகளும் லேகியங்களும் இந்தக் கடிவாளத்தைத் தொடுவதில்லை. அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஏமாந்திருந்தால் ரசீதுடன் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.