உதவி பெறுவோர் பட்டியலுக்கு ஒரு பூட்டு: குறைந்த செலவில் லினக்ஸ் ஃபயர்வால்

ஜகாத், சதகா நிதியில் உதவி பெறுவோரின் பட்டியல் முன்பு ஒரு நீள நோட்டில் இருந்தது. நோட்டு பீரோவில், சாவி பொருளாளரிடம். இன்று அது அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், மருத்துவச் சீட்டு, கல்வி உதவி கேட்ட பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் அதனுடன் சேர்ந்திருக்கின்றன. வெளியில் சொல்லக் கூசும் குடும்பங்கள் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம் அது. பீரோவுக்குப் பூட்டு இருந்தது, இதற்கு என்ன பூட்டு என்று கேட்பது நியாயமான கேள்வி. டிரஸ்ட் பணத்தை எதற்குச் செலவு செய்கிறோம் என்பதும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

ஃபயர்வால் என்பது இணையம் உள்ளே வரும் வழியில் நிற்கும் காவல். நாம் கேட்டு வரும் தகவலை உள்ளே விடும். கேட்காமல் வந்து கதவைத் தட்டுவதைத் தடுத்துவிடும். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற நாசகார மென்பொருள் உலகெங்கும் பரவியது. நமக்கு அருகில் கேரளத்தில், வயநாடு மாவட்டத்துத் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் அதில் சிக்கின. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. விண்டோஸில் கோப்புகளைப் பகிரப் பயன்படும் 445 என்ற வாசல் எண் வழியாகத்தான் அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து அந்த வாசலை அடைத்து வைப்பது ஃபயர்வாலின் வேலைகளில் ஒன்று.

இதற்கென்றே விற்கும் பெட்டிகள் உண்டு. பெட்டியின் விலையோடு நிற்காது. பலவற்றுக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் கட்ட வேண்டும். நான்கைந்து கம்ப்யூட்டர் உள்ள அலுவலகத்துக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே ஃபயர்வால் இருக்கிறது, உரிமக் கட்டணம் கிடையாது. லினக்ஸ் என்றதும் மிரள வேண்டாம். பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் ‘பாஸ்’ என்று இருந்ததே, அதுவும் ஒரு லினக்ஸ்தான்.

மென்பொருளில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று ஓப்பன்டபிள்யூஆர்டி. வைஃபை ரூட்டரிலேயே ஏற்றக்கூடியது. 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம் இருந்தால் நன்றாக ஓடும். இரண்டு கம்ப்யூட்டர் உள்ள கடைக்கோ மதரஸாவுக்கோ இது போதும். ஆனால் எல்லா ரூட்டரிலும் ஏறாது. ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு பதிப்புகள் விற்பார்கள், உள்ளே சிப் வேறாக இருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணை ஓப்பன்டபிள்யூஆர்டி பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியில் கை வைக்க வேண்டாம்.

மற்றொன்று ஐபிஃபயர். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். நம் அலுவலகத்துக்கு இதுவே பொருத்தம். வலையை நிறம் வைத்துப் பிரிக்கிறது: சிவப்பு இணையம், பச்சை அலுவலகம், நீலம் வைஃபை. அலுவலகத்துக்கு வருபவர் வைஃபை கேட்டால் இல்லையென்று சொல்வது நமக்கு வழக்கமில்லை. அவர் கைபேசி நீலத்தில் இருக்கும். பட்டியல் உள்ள கம்ப்யூட்டர் பச்சையில் இருக்கும். நீலத்திலிருந்து பச்சைக்கு வழி கிடையாது. இந்த ஒரு வசதிக்காகவே இதை வைக்கலாம். பிஎஃப்சென்ஸ் என்பதையும் பலர் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் அது லினக்ஸ் அல்ல, ஃப்ரீபிஎஸ்டி.

கம்ப்யூட்டர் புதிதாக இருக்க வேண்டியதில்லை. 64 பிட் பிராசஸர், 2 ஜிபி ராம், சிறிய எஸ்எஸ்டி ஒன்று போதும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குப் பழைய டூயல் கோர் தாராளம். கட்டாயம் வேண்டியது கூடுதல் லேன் வாசல்: சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலம் வேண்டுமானால் மூன்றாவது. உள்ளே செருகும் லேன் கார்டாக, முடிந்தால் இன்டெல் சிப் உள்ளதாக வாங்குங்கள். யுஎஸ்பி லேன் இரவு பகலாக ஓடும் வேலைக்கு நம்பகமில்லை. பழைய லேப்டாப்பைத் தருகிறோம் என்பவர்களுக்கு ஜஸாக்கல்லாஹ். ஆனால் அதில் ஒரு லேன் வாசல்தான் இருக்கும், இதற்கு ஆகாது.

கரண்ட் கணக்கையும் பார்க்க வேண்டும். 60 வாட் இழுக்கும் பழைய கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடினால் மாதம் 43 யூனிட். 10 வாட் இழுக்கும் சிறிய மினி பிசி அல்லது தின் கிளையன்ட் என்றால் 7 யூனிட்தான். வீட்டு இணைப்புக்குள்ள இலவச யூனிட் சலுகை அலுவலக இணைப்புக்குக் கிடையாது. சும்மா கிடைத்த கம்ப்யூட்டர் கரண்ட் பில்லில் காசு வாங்கிவிடும். சென்னை ரிச்சி தெருவில் பழைய தின் கிளையன்ட் கிடைக்கிறது. அதில் இன்னொரு லேன் கார்டு செருக இடம் இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்க வேண்டும்.

இது தடுக்காதவையும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கை நாமே தொட்டாலும், யாரோ தந்த பென்டிரைவைச் செருகினாலும், ஓடிபியைப் போனில் சொன்னாலும் ஃபயர்வால் என்ன செய்யும்? பச்சைக்குள் ஒரு கம்ப்யூட்டர் கெட்டால் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் பரவுவதையும் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். எனவே பட்டியலின் நகல் ஒன்று வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏறி, கழற்றப்பட்டு, அதே பழைய பீரோவுக்குள் போக வேண்டும்.

பெட்டியை வைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. மாதம் ஒருமுறை அப்டேட் போட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் வெளிநாடு போய்விட்டால் செய்ய இன்னொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாஸ்வேர்டை எழுதி, உறையில் ஒட்டிப் பொருளாளரிடம் கொடுத்துவிடலாம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் முன்வந்தால் போதும். 64 பிட் மினி பிசி சும்மா வைத்திருப்பவர்கள் அலுவலகத்தில் தெரிவியுங்கள். லேன் கார்டு செலவை டிரஸ்ட் பார்த்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.