மூன்று மாதத்தில் 'பாடி': ஜிம்முக்குப் போகும் வாலிபர்களை மயக்கும் ஊசி

பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வரும் வாலிபர்களில் பலர் நேராக அறைக்குப் போவதில்லை. வழியில் ஒரு மணி நேரம் ஜிம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் இதே கதைதான். கீழே கடை, மேலே மாடியில் ஜிம். சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் இரும்புத் தட்டுகள், காதைப் பிளக்கும் பாட்டு.

இது நல்ல பழக்கம். சாராயக் கடைக்குப் போகாமல் இரும்பு தூக்கப் போகிறான் என்றால் ஊரில் இருக்கும் தாய் தகப்பன் சந்தோஷப்படத்தான் வேண்டும்.

ஆனால் ஆறு மாதம் தூக்கியும் கை எதிர்பார்த்த அளவு பெருக்கவில்லை. பக்கத்தில் நிற்பவனுக்கோ தோள் பந்து போல உருண்டிருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து ஒருவர் காதோடு காதாகச் சொல்வார்: "தம்பி, இப்படியே போனா பத்து வருஷம் ஆகும். ஒரு கோர்ஸ் போட்டுக்க. மூணே மாசம்தான்."

அந்த 'கோர்ஸ்' என்பதுதான் அனபாலிக் ஸ்டீராய்டு. சில வாரங்களுக்கு ஊசி, கூடவே மாத்திரை. சொல்கிறவர் டாக்டர் அல்ல. சில இடங்களில் பயிற்சியாளரே விற்கிறார். சில இடங்களில் பழைய உறுப்பினர்.

ஒலிம்பிக்கில் ஓடுகிறவரைப் பிடிக்கவாவது ஆட்கள் இருக்கிறார்கள். 1988-ல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடி உலகத்தையே வாய் பிளக்க வைத்த பென் ஜான்சனின் சிறுநீரில் 'ஸ்டனோசலால்' என்ற ஸ்டீராய்டு இருந்தது தெரிந்து, மூன்றே நாளில் தங்கப் பதக்கம் பறிபோனது. பந்தயத்துக்கே போகாமல், கல்யாணப் போட்டோவுக்காகவும், 'பவுன்சர்' வேலைக்காகவும், கண்ணாடிக்காகவும் ஊசி போடுகிறவனைச் சோதிக்க இங்கே யார் இருக்கிறார்கள்?

எங்கிருந்து வந்தது?

கதை பழையது. 1889-ல் பாரிஸ் நகரில் 72 வயதான பிரவுன்-செக்கார் என்ற விஞ்ஞானி, நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதையிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக் கொண்டார். வாலிபம் திரும்பிவிட்டது என்று சபையில் அறிவித்தார். அந்தச் சாற்றில் வேலை செய்யும் சரக்கு அநேகமாக எதுவும் இருந்திருக்காது என்று பிற்கால விஞ்ஞானிகள் கண்டார்கள். மனம் நம்பியது, உடம்பு துள்ளியது. அவ்வளவுதான்.

உண்மையான சரக்கு பிடிபட்டது 1935-ல். ஆணை ஆணாக்கும் அந்த ஹார்மோனுக்கு 'டெஸ்டோஸ்டிரோன்' என்று பெயர் வைத்தார்கள். அதைச் செயற்கையாகச் செய்யும் வழியும் அதே ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. பூட்டனான்ட், ருசிக்கா என்ற இருவருக்கும் 1939-ல் நோபல் பரிசு.

1954-ல் வியன்னாவில் உலக பளு தூக்கும் போட்டி. ரஷ்ய வீரர்கள் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறார்கள் என்ற செய்தி அமெரிக்க அணியோடு சென்றிருந்த டாக்டர் ஜான் சிக்லரின் காதில் விழுந்தது. 1958-ல் 'டயனபால்' மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. உடல் இளைத்த நோயாளிகளுக்கு என்று வந்த மருந்து, பளு தூக்குகிறவர்களின் சட்டைப் பைக்குள் போய்ச் சேர்ந்தது. ஒலிம்பிக் சங்கம் தடை விதித்தது 1975-ல்தான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஆஸ்துமாவுக்கும் அரிப்புக்கும் டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு ஜாதி. அது தசையை வளர்க்காது. அதைப் பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

மருந்து இல்லாத மல்லர்கள்

"மருந்து இல்லாமல் அப்படி உடம்பு வராது" என்று ஜிம்மில் அடித்துச் சொல்வார்கள். 1935-க்கு முந்தைய புகைப்படங்களை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நம்மவர்கள் போடும் 'சாண்டோ' பனியனுக்குப் பெயர் கொடுத்த யூஜின் சாண்டோ 1925-லேயே இறந்துவிட்டார். அவர் காலத்தில் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதும் அதே சாண்டோதான்.

பெங்களூரிலேயே ஒருவர் இருந்தார். ஜே.சி. ரோட்டில் வியாயாமசாலை நடத்திய கே.வி. ஐயர். கிரேக்கச் சிலை போன்ற அவருடைய படங்கள் அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தன. உடற்பயிற்சியைத் தபால் மூலம் பாடமாகவே நடத்தினார். தண்டால், பஸ்கி, பளு, யோகாசனம் எல்லாம் அவர் முறையில் உண்டு. கன்னடத்தில் 'சாந்தலா' என்ற புகழ் பெற்ற நாவலை எழுதியவரும் இவரே என்றால் பலர் நம்ப மாட்டார்கள். 1980-ல் மறைந்தார்.

வங்காளத்தின் மனோகர் ஐச் உயரம் 4 அடி 11 அங்குலம். வெள்ளைக்கார விமானப் படையில் இருந்தபோது ஒரு அதிகாரியைக் கன்னத்தில் அறைந்து ஜெயிலுக்குப் போனவர். ஜெயிலிலேயே உடம்பை வளர்த்தார். 1952-ல் 'மிஸ்டர் யூனிவர்ஸ்' பட்டம் வென்றார். டயனபால் கடைக்கு வர இன்னும் ஆறு ஆண்டு இருந்தது! 2016-ல் அவர் இறந்தபோது வயது நூறைத் தாண்டிவிட்டது.

வேலை செய்யுமா?

செய்யும். அதை மறைப்பதில் பயன் இல்லை. "ஸ்டீராய்டால் ஒன்றும் ஆகாது" என்று டாக்டர்கள் நெடுங்காலம் சொல்லி வந்ததால்தான் ஜிம் பையன்கள் டாக்டர்களை நம்பாமல் போனார்கள்.

1996-ல் அமெரிக்காவில் டாக்டர் ஷாலேந்தர் பாசின் குழுவினர் 43 ஆண்களை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். பத்து வாரம் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய எடை 1.9 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு 3.2 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ.

சும்மா உட்கார்ந்திருந்தவன், உழைத்தவனை முந்தினான்! இதைக் கேட்டவுடன் யாருக்கும் நாக்கில் நீர் ஊறும். ஆனால் அது டாக்டர்கள் கண்காணிப்பில், சுத்தமான மருந்தோடு, பத்தே வாரம் நடந்தது. மாடி ஜிம்மில் நடப்பது அதுவல்ல. அங்கே இரண்டு மூன்று மருந்தைக் கலந்து, மாதக் கணக்கில், விட்டுவிட்டு வருஷக் கணக்கில் போடுகிறார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு தெரியும் விலை

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. விதைக்கு அதுதான் மேஸ்திரி. ஹார்மோன் செய், விந்தணு செய் என்று உத்தரவு கொடுப்பது அதுவே. வெளியிலிருந்து ஊசி வழியே ஹார்மோன் வந்து குவிந்தால் மேஸ்திரி என்ன நினைப்பான்? சரக்கு ஏராளமாக இருக்கிறது, வேலையை நிறுத்து என்பான். உத்தரவு நிற்கிறது. விதை சுருங்குகிறது. விந்தணு குறைகிறது.

எவ்வளவு குறையும்? உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதித்துப் பார்த்தது. வாரம் 200 மில்லிகிராம். 1990-ல் வெளியான முடிவின்படி 271 ஆண்களில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு ஒன்றுகூட இல்லை. ஜிம்மில் போடும் அளவு பல நேரம் இதைவிட அதிகம்.

ஆண்மை பொங்கும் என்று நம்பிப் போடும் ஊசி, கருத்தடை ஊசி!

நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். உடனே அல்ல, பல மாதம் ஆகலாம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். நீண்ட காலம் போட்டவர்களில் சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. இதற்குள் ஊரில் பெண் பார்த்துக் கல்யாணம் முடிந்து, "விசேஷம் உண்டா?" என்று உறவினர் கேட்கத் தொடங்கியிருப்பார்கள். கோயில் கோயிலாக அழைத்துப் போகப்படுவது அந்தப் பெண். குறை தன்னிடம் என்று தெரிந்தும் வாய் திறக்காத கணவர்கள் இருக்கிறார்கள். என்ன காரணம் என்றே தெரியாதவர்களும் இருக்கிறார்கள், ஊசி போட்டபோது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மற்றவை வெளியிலேயே தெரியும். முதுகெல்லாம் பரு. வழுக்கை வேகம். கூடுதல் ஹார்மோனில் ஒரு பகுதி உடம்பிலேயே பெண் ஹார்மோனாக மாறுவதால் பெண்களைப் போல மார்பு வீங்குவது. அது கெட்டிப்பட்டுவிட்டால் அறுவை சிகிச்சைதான். மாத்திரை வகைகள் ஈரலைத் தாக்கி மஞ்சள் காமாலையில் கொண்டு விடலாம். தசை வேகமாகப் பெருத்தாலும் அதை எலும்போடு கட்டும் நரம்பு நார் அதே வேகத்தில் தேறுவதில்லை, பாரம் தூக்கும்போது பட்டென்று அறுந்துவிடும். வளர்கிற வயதுப் பையன் போட்டால் எலும்பு முனை சீக்கிரம் மூடிக்கொண்டு உயரமும் நின்றுபோகும்.

இதயம் மட்டும் வெளியில் தெரியாது. ரத்தம் கெட்டியாகும், நல்ல கொழுப்பு குறையும், இதயச் சுவர் தடிக்கும். 2017-ல் அமெரிக்காவில் பளு தூக்கும் 140 பேரைச் சோதித்தார்கள். மருந்து போடாதவர்களின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் நிறைந்த ரத்தத்தில் சராசரி 63 சதவிகிதத்தை வெளியே தள்ளியது. போட்டவர்களின் இதயம் 52 சதவிகிதம்தான். டென்மார்க்கில் ஜிம்முக்கு வருகிறவர்களையே சோதிக்கும் ஏற்பாடு உண்டு. அதில் 2006 முதல் 2018 வரை பிடிபட்ட 545 ஆண்களை அதே வயதுள்ள மற்ற ஆண்களோடு ஒப்பிட்டார்கள். மாட்டியவர்களிடையே சாவு மூன்று மடங்கு.

புட்டிக்குள் என்ன?

டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மருந்துகளை விற்கக் கூடாது என்பது சட்டம். சீட்டு இல்லாமல் கைமாறும் புட்டியில் லேபிளில் உள்ள சரக்குதான் இருக்கிறது என்பதற்கு யார் ஜவாப்? போலிச் சரக்கு உலகம் முழுவதும் உண்டு. குதிரைக்கென்று செய்த 'போல்டினோன்' என்ற மருந்தும் மனிதக் கைகளில் ஏறுகிறது. எண்ணெயில் கரைத்த மருந்து ஆகையால், சுத்தம் இல்லாமல் போட்டால் இடுப்பில் சீழ்க் கட்டி. காசு மிச்சம் என்று ஒரே ஊசியை அறை நண்பர்கள் பகிர்ந்தால் எய்ட்ஸும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் இலவசம்.

புரோட்டீன் பவுடர் இதில் சேராது. அது பாலிலிருந்து எடுத்த சத்துதான். ஆனால் பெயர் தெரியாத டப்பாவில், "உடனடி பலன்" என்று கூவும் பவுடரில், சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

அந்தப் பணத்துக்குச் சாப்பாடே போதும். பளு தூக்குகிறவனுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு நூறு கிராமுக்குள். ஒரு முட்டையில் ஆறு கிராம். நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25, கொள்ளில் 22. மெஸ் சாப்பாட்டில் சோறு மலையாகவும் பருப்பு தண்ணீராகவும் இருப்பதுதான் பல பேருக்குக் கை பெருக்காத ரகசியம். இரவு ஷிப்டுக்காரர்களுக்கு இன்னொன்று, தூக்கம். அது இல்லாமல் தசை வளராது.

அறைத் தோழர் கவனத்துக்கு

ஊரில் இருக்கும் வீட்டாருக்கு எதுவும் தெரியப் போவதில்லை. போனில் முகத்தைப் பார்த்து "நல்லா தேறிட்டான்" என்பார்கள். கண்ணில் படுவது பக்கத்துப் பாய்க்காரருக்குத்தான். திடீரென்று எடை ஏறுவது, முதுகில் பரு, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம், குளியலறையில் மறைத்து வைத்த சிரிஞ்சு.

நிறுத்திய பிறகு வருவது இதைவிட மோசமான கட்டம். விதை இன்னும் விழிக்கவில்லை, ஊசியும் இல்லை. உடம்பு தளர்ந்து, மனம் சோர்ந்து, வேலைக்கே போகப் பிடிக்காமல் படுத்துவிடுவார்கள். சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வரும். இதைத் தாங்க முடியாமல்தான் பலர் மறுபடி ஊசியைத் தேடிப் போகிறார்கள். அந்த வாரங்களில் ஆளைத் தனியாக விடக் கூடாது.

போகவேண்டியது டாக்டரிடம், முடிந்தால் ஹார்மோன் டாக்டரிடம். ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்து, சுரப்பி எழுந்திருக்க என்ன செய்யலாம் என்று அவர் பார்ப்பார். வெட்கப்பட்டு "வெறும் பவுடர்தான் சார்" என்று பொய் சொன்னால் சிகிச்சை தப்பிப் போகும். எந்த மருந்து, எத்தனை வாரம், எவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. காலிப் புட்டியைக் குப்பையில் போடாமல் கையோடு எடுத்துப் போனால் அவர் படித்துக்கொள்வார்.