இரண்டு விடியல் கண்ட பயணம்

மாணவர்க்குப் பூமிசாத்திரம் கற்பிப்பவன் நான். சென்ற தவணையிலே ஒருநாள், தேசப்படத்தில் இரு நகரங்களுக்கிடையே தூரம் அளக்கும் பயிற்சி நடந்தது. அளந்து முடித்த மாணவன் ஒருவன், "தூரத்தை வேகத்தால் வகுத்தால் விமானம் பறக்கும் நேரம் வந்துவிடும் அல்லவா, ஐயா?" என்றான். வகுத்தலிற் பிழையில்லை. ஆயினும், காலிக்கு அப்பால், கடலையொட்டிக் கிடக்கும் கொக்கலை வாவியின் கரையிலே நான் நின்ற மாலையொன்று நினைவில் எழுந்தது. அவனுக்கு அந்த வாவியின் கதையையே சொன்னேன்.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்ததும், இங்கிலாந்தையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் பொருத்துவதற்காக, 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து 1945 யூலை வரை, குவான்டாஸ் நிறுவனத்தாரின் கற்றலீனாக் கடல்விமானங்கள் பேர்த் நகரின் சுவான் நதிக்கும் இவ்வாவிக்கும் இடையே பறந்தன. தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். நடுவில் எங்கும் இறங்குவதில்லை. புறப்பட்டவர்கள் வானிலேயே இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். அதற்குச் சான்றாக, 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்க'த்தின் பத்திரமொன்று பயணிகளுக்கு வழங்கப்பட்டது.

அத்துணை நேரம் பறப்பதற்கு வேண்டிய எரிபொருளே விமானத்தின் பெருஞ்சுமை. அதை ஏற்றியபின் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்குமே இடம் எஞ்சியது. முதற் சில மணித்தியாலங்களில் இயந்திரம் ஒன்று நின்றால், மற்றையது அப்பாரத்தைத் தாங்காது. யப்பானியரின் கண்ணுக்கும் காதுக்கும் அஞ்சி வானொலியும் மௌனம் காத்தது, விண்மீன்களே வழிகாட்டிகள். ஐந்து விமானங்களும் விண்மீன்களின் பெயரையே தாங்கின. அவற்றுள் ஸ்பைக்கா நம் சித்திரை, அந்தாரெஸ் நம் கேட்டை, அல்தாயிர் நம் திருவோணம். பஞ்சாங்கம் பார்க்கும் என் தாயார் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இனிக் கணக்கிற்கு வருவோம். கற்றலீனாவின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீற்றர். காற்று இல்லையேல் 28 மணித்தியாலம். எதிர்க்காற்று 30 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால் 33. ஐந்து மணித்தியால வேறுபாடு! அந்த ஐந்துக்கும் எரிபொருள் வேண்டுமன்றோ? 900 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் இக்கால விமானத்துக்கோ, அதே காற்றினால் ஏற்படும் தாமதம் கால் மணித்தியாலமும் இல்லை. அன்றைய பறப்புகளுள் மிக நீண்டது 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் எடுத்தது. 2018 மார்ச்சிலே பேர்த்திலிருந்து இலண்டனுக்கு நேரடிச் சேவை தொடங்கியபோது, 14,499 கிலோமீற்றரை விமானம் ஏறத்தாழ 17 மணித்தியாலங்களிற் கடந்தது.

271 தடவை கடல் கடந்தும் அவ்விமானங்களில் ஒன்றேனும் அழியவில்லை. போர் முடிந்தபின், இரவல் ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி, மனிதரே அவற்றைக் கடலில் அமிழ்த்தினர். யான் வாவிக்கரையில் நின்றபோது, சிறு தோணியொன்று மட்டும் தண்ணீரிற் சென்றது.

மறுநாள் அம்மாணவன் எதிர்க்காற்றையும் சேர்த்து வகுத்துக்கொண்டு வந்தான். கொப்பியை என்னிடம் நீட்டியவன், "பாதி வழியிற் காற்றுத் திசை மாறினால் எப்படி வகுப்பது, ஐயா?" என்று கேட்டான்.